பதினாறாவது கட்டம்

முப்பத்தொரு வருஷம் ஒன்றிய அலுவலகத்தில் குப்பை கொட்டியவன் நான். கடைசி ஏழு வருஷம் கண்காணிப்பாளர். ஒரு காகிதத்தைக் கையில் வாங்கினாலே அது நடக்கிற காரியமா, நடக்காத காரியமா என்று சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு திமிர் உண்டு. ஓய்வு பெற்ற பிறகும் அது குறையவில்லை. ஜூன் மாதம் மூன்றாவது சனிக்கிழமை காலையில் கீழ்வீட்டுக் கேசவன் மாடியேறி வந்து தன் ஃபோனை என் மூக்குக்கு நேரே நீட்டியபோதும் அதே திமிரோடுதான் கண்ணாடியை எடுத்து மாட்டினேன்.

"சார், இத்த கொஞ்சம் பாருங்க. வசு பேரு கீது. இன்னா சமாச்சாரம்னு சொல்லுங்க."

கேசவன் எங்கள் கீழ்ப்போர்ஷனில் ஒன்பது வருஷமாகக் குடியிருக்கிறான். கல்பாக்கம் பக்கம் ஒரு காண்ட்ராக்டரிடம் ஃபிட்டர். காலை ஆறு மணி வண்டிக்குப் போனால் இருட்டும்போதுதான் வருவான். அவன் மனைவி வசுமதி, பாலாற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம், கழி ஓரத்தில் இருக்கிற அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் டீச்சர். வசுமதிக்கு இரண்டு கண்ணும் தெரியாது. ஆறு வயதில் காய்ச்சலோடு போனது. வெயிலா நிழலா என்பது மட்டும் முகத்தில் பட்டால் தெரியும்.

ஃபோனில் இருந்தது உபரி ஆசிரியர் பட்டியல். பள்ளியில் பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்தால், இருக்கிற ஆசிரியர்களில் பணியில் இளையவரை உபரி என்று எடுத்து, ஆள் இல்லாத வேறு பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள். பணிநிரவல் என்று அதற்குப் பெயர். கேட்க நன்றாகத்தான் இருக்கும், நிரப்பப் போகிற இடத்தில் உட்காருகிறவர்களுக்குத்தான் கஷ்டம். கழி ஓரத்துப் பள்ளியில் சமூக அறிவியலுக்கு இரண்டு டீச்சர். ஒருவர் போதும் என்று கணக்கு. பட்டியலில் பதினான்காவது பெயர் வசுமதி.

"இது நிக்காதுப்பா" என்றேன். "பார்வை இல்லாதவங்களைப் பணிநிரவல்ல எடுக்கக்கூடாதுன்னு அரசாணையிலயே ஒரு வரி இருக்கு. வா, டீச்சர்கிட்டப் பேசுவோம்."

கீழே வசுமதி முறத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பழுத்த இலை ஒன்றுகூட அவள் விரலுக்குத் தப்பாது. காலை ஒன்பது மணிக்கே வெக்கை தாங்கவில்லை, கடல் காற்று இன்னும் திரும்பவில்லை.

"வாங்க சார். இவர் ராத்திரிலேர்ந்து ஒரே பேஜாரு. என்னைத் தொட முடியாது. திங்கட்கிழமை மாற்றுத்திறனாளி கார்டைக் காட்டினா பேரை அடிச்சுடுவாங்க. நீங்களாவது சொல்லுங்க."

"அதைத்தாம்மா நானும் சொன்னேன்" என்றபடி, ஒரு கெத்துக்காக, பட்டியலை அவளுக்கு முழுசாகப் படித்துக் காட்டலாம் என்று விரலால் தள்ளிக்கொண்டே போனேன். பெயர், பாடம், பணியில் சேர்ந்த நாள், பிறந்த நாள் என்று கட்டம் கட்டமாக ஓடியது. பதினாறாவது கட்டத்துக்கு வந்து நின்றேன். மாற்றுத்திறனாளியா என்று கேட்டிருந்தது. அதற்கு நேராக 'இல்லை' என்று இருந்தது.

படித்தேன். கீரை ஆய்ந்த கை நின்றது.

"இல்லைன்னா போட்டிருக்கு?"

"ஆமாம்மா."

அவள் முறத்தை ஓரமாகத் தள்ளி வைத்தாள். பிறகு மெதுவாக, "அது சங்கரி போட்டது" என்றாள்.

சங்கரி யாரென்று சொல்லிவிடுகிறேன். அந்தப் பள்ளியின் இன்னொரு சமூக அறிவியல் டீச்சர் அவள்தான். சதுரங்கப்பட்டினத்துக்காரி, மீனவர் வீட்டில் முதன்முதலாக பி.எட். படித்தவள். ஒன்பது வருஷமாகக் காலை எட்டேகாலுக்கு எங்கள் கேட்டில் அவள் ஸ்கூட்டர் ஹாரன் கேட்கும். வசுமதி ஏறிக்கொள்வாள். சாயங்காலம் நாலே முக்காலுக்குக் கொண்டுவந்து இறக்கிவிடுவாள். பெட்ரோலுக்கு என்று வசுமதி எதையாவது நீட்டினால், "இன்னாக்கா, நான் இன்னா ஷேர் ஆட்டோவா ஓட்டறேன்" என்று கையைத் தட்டிவிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பேப்பர் திருத்துவதும் இரண்டு பேரும் சேர்ந்துதான். பின்கட்டுக் குழாயடியில் வசுமதி இறால் உரிப்பாள். சங்கரி கொண்டுவந்த இறால். சங்கரி பிள்ளைகளின் விடைத்தாளை உரக்கப் படிப்பாள். 'பாலாறு எங்கே உற்பத்தியாகிறது' என்றதற்குப் பிள்ளை எழுதியதை ஒரு எழுத்து விடாமல் படிக்க வேண்டும், இல்லாவிட்டால் வசுமதிக்குக் கோபம் வரும்.

"மூணு போடு" என்பாள் வசுமதி.

"நாலு போடுக்கா. பாவம், அவங்கப்பன் போன வாரந்தான் போட்ல வலைய அறுத்துக்கினு வந்து உக்காந்துகினு கீறான்."

"அவங்கப்பன் வலைக்கும் பாலாத்துக்கும் என்னடி சம்பந்தம்? மூணு."

நான் மாடியில் இறால் வாசனைக்கு மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பேன். நாவலூரில் வேலை பார்க்கிற என் பையன் ஜெயந்த் மாதம் ஒரு தடவை வருவான், வந்தாலும் லேப்டாப்தான். எனக்குப் பேச்சுத்துணை இந்தக் குழாயடிதான்.

வசுமதி வகுப்பெடுப்பது எப்படி என்று அந்தப் பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்க வேண்டும். தினம் ஒரு பிள்ளை பாடத்தை வாசிக்கும், அவள் நிறுத்தி நிறுத்தி விளக்குவாள். அட்டையில் சணல் கயிறு ஒட்டி ஆறுகளும், புளியங்கொட்டை ஒட்டி ஊர்களுமாக ஒரு தமிழ்நாடு செய்து வைத்திருந்தாள். பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு தடவி ஊர் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்பில் அவள் பாடத்தில் ஒரு பிள்ளையும் ஃபெயில் ஆனதில்லை. பள்ளிக்கூடத்தில் எந்தப் படி உடைந்திருக்கிறது, எந்த வகுப்பு வாசலில் மழைத்தண்ணீர் தேங்கும் என்பதெல்லாம் அவள் காலுக்குப் பாடம். இந்த ஒன்பது வருஷத்தில் அவள் அங்கே விழுந்ததில்லை.

'இல்லை' வந்த கதை இது. நாலு வருஷத்துக்கு முன்னால் எல்லா ஆசிரியர் விவரத்தையும் ஆன்லைனில் ஏற்றச் சொன்னார்கள். பள்ளியில் கம்ப்யூட்டர் வேலை சங்கரி தலையில். மாற்றுத்திறனாளி என்ற இடத்தில் 'ஆம்' போட்டால் புதிய அட்டையின் எண்ணைக் கேட்டது. வசுமதியிடம் இருந்தது பழைய புத்தகம். புதிய அட்டைக்கு எழுதிப்போட்டு, அது வந்துகொண்டே இருந்தது. எண் போடாமல் அடுத்த பக்கத்துக்குப் போகவில்லை. சாயங்காலம் ஐந்து மணி கடைசி நேரம், ஒருத்தர் விவரம் நின்றாலும் பள்ளி முழுக்கச் சம்பள பில் நிற்கும் என்று தலைமையாசிரியர் வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"அக்கா, இல்லன்னு போட்டா போவுதுக்கா. இப்ப போட்டுட்டு, கார்டு வந்ததும் மாத்திக்கலாம்."

"போடு" என்றாள் வசுமதி.

சங்கரி தட்டிவிட்டு, "இன்னியிலேர்ந்து உனுக்குக் கண்ணு தெரியும்க்கா. நாளைக்கு நீதான் வண்டி ஓட்டற" என்றாளாம். ஆசிரியர் அறையே சிரித்ததாம். வசுமதிதான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தாளாம்.

ஏழு மாதம் கழித்து அட்டை வந்தது. பீரோவில் வைத்தார்கள். அந்தக் கட்டத்தை மாற்ற வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. தோன்ற என்ன இருக்கிறது? பள்ளியில் அவளுக்குக் கண் தெரியாது என்று யாரும் எழுதிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. மாசாமாசம் சம்பளத்தில் பார்வையற்றவருக்கான ஊர்திப்படிகூட வந்துகொண்டிருந்தது. அது வேறு பட்டியல்.

"சரி சார்" என்றான் கேசவன். "வசு போவலன்னா அந்த எடத்துக்கு யாரு போவணும்?"

எனக்குப் பதில் தெரியும். வசுமதிதான் சொன்னாள். "சங்கரி. என்னைவிட பதினோரு வாரம் முன்னாடி சேர்ந்தா."

கேசவன் முகம் கறுத்தது. "அப்ப தெரிஞ்சேதான் இல்லன்னு போட்டாளா?"

"போடுன்னு சொன்னது நான்" என்றாள் வசுமதி. "அவளை ஒரு வார்த்தை பேசாதீங்க."

அன்றைக்கே நான் மனு எழுதினேன். சென்னையில் இருக்கிற மேல் அலுவலகத்துக்குப் பதிவுத்தபால். மனு எழுதுவதில் எனக்கென்று ஒரு கொள்கை உண்டு. ஒரு மனுவில் ஒரு கோரிக்கைதான் இருக்க வேண்டும். இரண்டு கேட்டால் இரண்டு பிரிவுக்குப் போய் இரண்டு இடத்திலும் தூங்கும். அதனால் மூன்று பத்தியில் விஷயத்தைச் சொல்லி, கடைசியில் 'மேற்படி பதிவைத் திருத்தி, பணிபுரியும் பள்ளியிலிருந்து பணிநிரவலில் மாற்றாமல் பாதுகாக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்' என்று முடித்தேன். படித்துக் காட்டினேன். "கச்சிதமா இருக்கு சார்" என்றாள் வசுமதி. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. மனுவைத் தபாலில் போட்டுவிட்டு வரும்போது மார்க்கெட்டில் நாலு பேரிடம் அதைச் சொல்லவும் செய்தேன்.

திங்கட்கிழமை நானும் வசுமதியும் செங்கல்பட்டுக்குப் போனோம். கேசவன் வேலை செய்கிற இடத்தில் பராமரிப்பு வேலை, ஒரு நாள் நின்றாலும் காண்ட்ராக்டர் வேறு ஆளைப் போட்டுவிடுவான். திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம். அலுவலகத்தில் அதிகாரி இருந்தார், நல்ல மனுஷன். நல்ல மனுஷனாக இருப்பதுதான் இதில் பெரிய தொல்லை, சண்டை போடக்கூட வழியில்லை. எழுந்து வந்து வசுமதியின் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார். மோர் வரவழைத்தார்.

"மேடம், உங்களுக்குப் பார்வை இல்லன்னு எனக்குத் தெரியுது. இதோ கண்ணால பாக்கறேன். கார்டும் இருக்கு. ஆனா பட்டியல் சிஸ்டம் எடுத்தது. பட்டியல் வந்ததும் திருத்தற வசதியைப் பூட்டிட்டாங்க. வியாழக்கிழமை கலந்தாய்வு முடிஞ்சாத்தான் திறப்பாங்க."

"முடிஞ்ச பிறகு திறந்து என்ன சார் பிரயோஜனம்?" என்றேன்.

"நீங்களும் சர்வீஸ்ல இருந்தவர்னு சொல்றீங்க. உங்களுக்குத் தெரியாததா?"

எனக்குத் தெரியாததா. இந்த வாக்கியத்தை நானே எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். முகத்தில் அடித்த மாதிரி இருந்தது.

அவரே ஒரு வழியும் சொன்னார். "ஒண்ணு செய்யலாம். பணிமூப்புல உங்களுக்கு அடுத்து இருக்கறவங்க, எனக்கு ஆட்சேபணை இல்ல, நான் போறேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு நேர்ல வந்து குடுக்கட்டும். கலந்தாய்விலயே பேரை மாத்திடறேன். அந்த அளவுக்கு எனக்கு அதிகாரம் இருக்கு."

"சார்" என்றாள் வசுமதி. "அரசாணைப்படி அவங்கதானே போகணும்? அதுக்கு அவங்க சம்மதம் எதுக்கு?"

"அரசாணைப்படி இல்ல மேடம். பட்டியல்படி உங்களுக்குக் கண் தெரியும். கண் தெரியறவங்களுக்காக இன்னொருத்தர் விட்டுக்குடுக்கறதா வச்சுத்தான் நான் செய்ய முடியும்."

வெளியே வந்தோம். கொளவாய் ஏரிப் பக்கமிருந்து அனல் அடித்தது. சட்டம் கொடுத்ததைத் தூக்கி சங்கரியின் கையில் வைத்து, இஷ்டமிருந்தால் பிச்சை போடு என்று சொல்லிவிட்டார் அந்த நல்ல மனுஷன். பஸ் ஸ்டாண்டில் இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். வசுமதி, "பஸ் வந்தா சொல்லுங்க சார்" என்றாள்.

புதன்கிழமை சாயங்காலம் சங்கரி வந்தாள். செவ்வாய், புதன் இரண்டு நாளும் வழக்கம்போல வந்து ஏற்றிப் போயிருக்கிறாள், வழியில் இரண்டு பேரும் இதைப் பற்றி வாயே திறக்கவில்லையாம். அன்றைக்கு ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள். கேசவன் என்னையும் கூப்பிட்டான். காரியம் பேச ஒரு பெரிய மனுஷன் வேண்டுமாம்.

"நான் போட்டது தப்புதான்க்கா. கார்டு வந்தப்ப நான் மாத்தியிருக்கணும். மறந்தே பூட்டேன்."

"நானும்தான் மறந்துட்டேன்."

"இப்ப அத்த பேசி இன்னா ஆவப்போவுது" என்றான் கேசவன். "லெட்டர் குடுப்பியா மாட்டியா, அத சொல்லும்மா. வசுவுக்கு அச்சரப்பாக்கத்துக்கு உள்ளே பதினோரு கிலோமீட்டர்ல எடம் கீதாம். கூவத்தூரு, மதுராந்தகம், அச்சரப்பாக்கம், அப்பால மினி பஸ். கண்ணு தெரியாத பொம்பள தெனம் எட்டு வண்டி ஏறி எறங்குமா?"

"தெரியுதுண்ணா."

"உனுக்கு ஸ்கூட்டர் கீது. கண்ணு கீது."

சங்கரி முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். அவள் புருஷன் பரணிதரன் கத்தாரில் இருக்கிறான். வீட்டில் மாமனார் பக்கவாதத்தில் படுத்து மூன்றாவது வருஷம்.

"மத்தியானம் பெல்லு அடிச்சதும் நான் வூட்டுக்கு ஓடறது எதுக்குன்னு உங்களுக்குத் தெரியும்ணா. பத்து நிமிசத்துல கஞ்சி குடுத்து, துணி மாத்தி, மாமனார திருப்பிப் போட்டுட்டு வரணும். ஒரு நாளு விட்டா முதுகு புண்ணு வச்சிரும். போன வருசம் உள்ளங்கை அகலம் வச்சி, எலும்பு தெரிஞ்சிது. ஆளு வச்சிப் பாத்தேன். ரெண்டு பொம்பளைங்க வந்தாங்க, நாத்தம் தாங்காம நாலு நாள்ல பூட்டாங்க. அச்சரப்பாக்கத்துலேந்து மத்தியானம் எப்படிண்ணா வருவேன்?"

கேசவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பெரிய மனுஷன் என்று கூப்பிட்டு உட்கார வைத்தார்களே, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சங்கரி வசுமதி பக்கம் திரும்பினாள். "நீ சொல்லுக்கா. நீ வாயத் தெறந்து, எனக்கு எழுதிக் குடுடின்னு சொல்லு. இப்பவே எழுதறேன். சத்தியமா எழுதறேன். அந்த மனுசன் விதி, நான் இன்னா பண்றது. நீ கேளு."

வசுமதி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"நான் கேக்க மாட்டேன்" என்றாள். "ஆபீஸ்ல கேட்டேன். அது என்னோடது, அதனால கேட்டேன். உன்கிட்ட எதுக்குடி நான் கேக்கணும்?"

"ஆபீஸ்ல குடுத்திருந்தாலும் நான்தானக்கா போயிருக்கணும்."

"ஆமா. அப்ப அவங்க அனுப்பினதா இருந்திருக்கும். நான் அனுப்பினதா இருந்திருக்காது."

கேசவன் எழுந்து வெளியே போய்விட்டான். சங்கரி கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து, "நாளைக்கு ஏழரைக்கு லெட்டரோட வரேன்க்கா. நானே உன்ன இட்டுகினு போறேன். ரெடியா இரு" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள்.

மறுநாள் ஏழு மணிக்கே வசுமதி நீலக் கரை போட்ட சுங்குடிப் புடவை கட்டிக்கொண்டு கேட்டருகில் நின்றாள். நான் துணைக்கு. ஏழரை ஆனது. ஏழே முக்கால். சதுரங்கப்பட்டினம் ரோட்டில் வருகிற ஒவ்வொரு ஸ்கூட்டருக்கும் அவள் தலை லேசாகத் திரும்பும், பிறகு நேராகும். அவளுக்கு அந்த வண்டிச் சத்தம் அரை கிலோமீட்டரிலேயே தெரியும். எட்டு மணிக்கு நான் ஃபோன் போட்டேன். அணைத்து வைத்திருந்தது.

"போலாம் சார்" என்றாள். "எட்டேகால் பஸ்ஸை விட்டா லேட்டாயிடும்."

கலந்தாய்வு செங்கல்பட்டில் ஒரு பள்ளியின் கூடத்தில் நடந்தது. நூறு பேருக்கு மேல். வசுமதியைக் கண்டதும் கூட்டம் விலகி வழி விட்டது. ஒரு டீச்சர் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தாள். இன்னொருத்தி தண்ணீர் பாட்டில் திறந்து கையில் வைத்தாள். யாரோ ஒருவர் ஓடிப்போய் ஃபேனை அவள் பக்கம் திருப்பினார். அந்தக் கூடத்தில் அவளுக்குக் கண் தெரியாது என்று தெரியாதவர் ஒருத்தர்கூட இல்லை. கம்ப்யூட்டருக்கு மட்டும் தெரியாது. எனக்கு அழுகையாக வந்தது, கோபம் என்று சொல்லி அடக்கிக்கொண்டேன்.

பெயர் கூப்பிட்டார்கள். அதே அதிகாரி. "மேடம், அவங்க வந்திருக்காங்களா?"

"இல்ல சார்."

அவர் பேனாவை மூடித் திறந்தார். "பத்து நிமிஷம் வெயிட் பண்ணட்டுமா? கடைசியா கூப்பிடவா?"

"இப்பவே முடிச்சுடுங்க சார். அவ வர மாட்டா" என்றாள். அவள் சொன்னதில் கோபம் துளி இல்லை.

அவர் மனசு கேட்காமல் கடைசியாகத்தான் கூப்பிட்டார், மணி இரண்டரை. அதற்குள் கொஞ்சம் கிட்டத்தில் இருந்த இடங்கள் எல்லாம் போய்விட்டிருந்தன. அச்சரப்பாக்கத்துக்கு உள்ளே இருக்கிற அந்த ஒன்றுதான் மிச்சம். திரையில் காட்டி, தேர்வு செய்யச் சொன்னார்கள். ஆணையை அச்சடித்து, கையெழுத்து போட வேண்டிய இடத்தில் அவள் விரலை எடுத்து வைத்தாள் ஒரு பெண். வசுமதி போட்டாள்.

வெள்ளிக்கிழமை பள்ளியிலிருந்து விடுவிப்பு. காலை எட்டேகாலுக்குக் கேட்டில் ஹாரன் அடித்தது. நான் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன். சங்கரி ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. வசுமதி வழக்கம்போல வந்து, வழக்கம்போல இடது தோளைப் பிடித்து ஏறி உட்கார்ந்தாள்.

சாயங்காலம் அவர்கள் திரும்பி வரும்போது நான் கேட்டருகில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். பள்ளியில் கொடுத்த சால்வையும் பெரிய பையுமாக வசுமதி இறங்கினாள். சங்கரி வண்டியை அணைத்தாள்.

"லெட்டர் எழுதினேன்க்கா. பையில வச்சினு வண்டியக்கூட ஸ்டார்ட் பண்ட்டேன். உள்ள கெழவரு தண்ணி வோணும்னு கூப்ட்டாரு. குடுக்கப் போனவ அப்டியே உக்காந்துட்டேன். ஃபோன அணைச்சுட்டேன்."

"தெரியும்டி. உன் எடத்துல நான் இருந்தாலும் அணைச்சிருப்பேன்."

"திட்டிடுக்கா. இப்டி சொல்லாத. எதுனா திட்டு."

வசுமதி அவள் கன்னத்தைத் தேடித் தொட்டாள். "மாமனாருக்குக் கஞ்சி நேரமாச்சு, போ."

"திங்கக்கெழம நான் அஞ்சு மணிக்கு வந்து உன்ன கூவத்தூர் பஸ்ல ஏத்தி வுடறேன். தெனம் வந்து ஏத்தி வுடறேன்."

"ஏத்தி விட ஆளிருக்குடி. எறங்கற எடத்துல யாரு இருக்கா?"

சங்கரி வண்டியை ஸ்டார்ட் செய்தாள். நான் பூவாளியில் தண்ணீர் தீர்ந்தது தெரியாமல் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

முதல் வாரம் நான் கூடப் போனேன். எட்டு வண்டி என்று கேசவன் கோபத்தில் சொன்னது சரியான எண்ணிக்கைதான். மினி பஸ்ஸை விட்டால் அச்சரப்பாக்கம் டீக்கடையில் ஒன்றரை மணி நேரம் உட்கார வேண்டும். அடுத்த வாரம் என் முழங்கால் வீங்கிவிட்டது. பிறகு அவள் தனியாகத்தான் போனாள். புதுப் பள்ளியில் எல்லோரும் நல்லவர்கள் என்றாள். செப்டம்பரில் மதுராந்தகத்தில் தோண்டிப் போட்டிருந்த பள்ளத்தில் விழுந்து தாடையில் நாலு தையல். அன்றைக்கும் பள்ளிக்கு லேட் ஆகிவிட்டதே என்றுதான் அழுதாளாம்.

நவம்பர் இரண்டாவது சனிக்கிழமை, மூன்று நாளாக விடாத மழை. தபால்காரர் பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து ஒரு கவரை எடுத்துக் கொடுத்தார். சென்னையிலிருந்து, என் மனுவுக்குப் பதில். கேசவன் வீட்டில் இருந்தான், மழையால் வேலை இல்லை. மூவரும் கீழ்வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தோம். நான் படித்தேன்.

"பார்வையில் காணும் மனு பரிசீலிக்கப்பட்டது. மனுதாரர் மாற்றுத்திறனாளி என்ற விவரம் பதிவேட்டில் திருத்தம் செய்யப்பட்டுவிட்டது. எனவே, அன்னார் தற்போது பணிபுரியும் பள்ளியிலிருந்து பணிநிரவலில் மாற்றம் செய்யப்படமாட்டார் எனத் தெரிவிக்கப்படுகிறது."

தற்போது பணிபுரியும் பள்ளி என்றால் இப்போது அச்சரப்பாக்கத்துப் பள்ளி. நான் பள்ளியின் பெயரை எழுதியிருக்கவில்லை. 'பணிபுரியும் பள்ளி' என்றுதான் எழுதியிருந்தேன், கச்சிதமாக இருக்கட்டும் என்று. கேட்டதைக் கேட்டபடியே கொடுத்துவிட்டார்கள். அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தாலும் இதையேதான் எழுதியிருப்பேன். எழுதி, கோப்பை மூடி, ஒரு வேலை முடிந்தது என்று டீ குடிக்கப் போயிருப்பேன்.

"இன்னொரு தடவை படிங்க சார்" என்றாள் வசுமதி.

படித்தேன். இந்தத் தடவை வார்த்தை வார்த்தையாக.

கேசவன் என் முகத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். "நம்ப கேட்டத குடுத்துட்டாங்களா சார்? ஜெயிச்சுட்டமா?"

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். வசுமதிதான் அவனுக்குப் பதில் சொன்னாள்.

"ஆமாங்க. இனிமே அந்த ஸ்கூல்லேர்ந்து என்னை யாராலயும் அசைக்க முடியாது."

சொல்லிவிட்டு, திங்கட்கிழமைக்கு எந்தப் புடவை காய்ந்திருக்கிறது என்று கொடியைத் தடவிப் பார்க்க எழுந்து உள்ளே போனாள்.